பசி நேரத்துக் கேள்வி

என் மனைவி கார் மோதி இறந்த வழக்கில் நான் சாட்சி. காரை ஓட்டியவனுக்காக வாதாடியவர் ஊசி. கோர்ட் வட்டாரத்தில் அவருக்கு அதுதான் பெயர். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோலக் கேள்வி கேட்பார். ஏறியதே தெரியாது.

"அன்னைக்குக் காலையில வீட்ட விட்டுக் கிளம்பும்போது உங்க மனைவி என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். குரலில் அவ்வளவு பரிவு.

"'நான் போறேன்'னு சொன்னாங்க."

"போயிட்டு வரேன்னு சொல்லல?"

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. அவசரத்துல..."

"போறேன்னுதான் சொன்னாங்க?"

"ஆமா."

"நன்றி" என்று உட்கார்ந்துவிட்டார்.

நானும் கிரிமினல் வக்கீல்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று சாட்சிகளுக்குச் சொல்லிக்கொடுத்தே பிழைக்கிறவன். அந்த ஒரு சொல்லை வைத்து ஊசி வழக்கைத் திருப்பினார். திரும்பி வரும் எண்ணமில்லாத பெண், தானாகவே காரின் முன்னால் இறங்கியிருக்கலாம். சந்தேகத்தின் பலன் ஓட்டியவனுக்குப் போனது. அவளுக்கு வீட்டில் என்ன குறை என்று சொந்தக்காரர்கள் என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். மாமியார் கேட்கவில்லை. என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

ஓட்டியவன் குடித்துவிட்டுக் கொன்றான். ஊசி தெளிவாக இருந்து கொன்றார்.

மூன்றாம் வருஷம் என் குமாஸ்தா ஒரு வழக்குக் கட்டை மேஜையில் வைத்துவிட்டு, அதன் மேலிருந்து கையை எடுக்காமல் நின்றார்.

"தம்பி, இது நமக்கு வேணாம். புகார் குடுத்தது யாருன்னு பாருங்க."

பார்த்தேன். ஊசி. வழக்கை எடுக்கிறேன் என்றேன்.

"பழம் நழுவிப் பால்ல விழுந்துடுச்சுன்னு நெனைக்காதீங்க. சில பழம் விழுந்தா பால் திரிஞ்சிடும்."

குற்றம் சாட்டப்பட்டவர், ஊசி ஓய்வுபெற்ற பிறகு அவரை வீட்டோடு இருந்து கவனித்துக்கொண்டவர். ஊசி அவரைக் 'கைத்தடி' என்றே கூப்பிடுவாராம். 'உங்களப் பாத்துக்கிறேன்' என்று முந்தின நாள் மிரட்டினான், மறுநாள் மாடிப்படியில் தள்ளிவிட்டான் என்பது புகார். ஊசிக்கு மணிக்கட்டு உடைந்திருந்தது. வேறு சாட்சி இல்லை.

"மிரட்டினீங்களா?" என்று கைத்தடியைக் கேட்டேன்.

"என் வேலையே அதான சார்? பயப்படாம இறங்குங்க, நான் உங்களப் பாத்துக்கிறேன், பாத்துக்கிறேன்னு நாள் முழுக்க சொல்வேன். அன்னைக்கு அவரா வழுக்கி விழுந்தாரு. நான் பிடிக்கறதுக்குள்ள போயிட்டாரு. விழுந்தேன்னு ஒத்துக்க அவருக்குக் கூச்சம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. ஒரு சொல்லால் என்னைக் குத்தியவர், ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு என் எதிரில் வந்து நிற்கப்போகிறார்.

"அவருக்கு ஞாபகமெல்லாம் எப்படி?"

கைத்தடி தயங்கினார். "காலையில கத்தி மாதிரி இருப்பாரு. பசி வந்தா பிசகிடும். 'அவ எங்கடா?'ன்னு வீட்டம்மாவத் தேடுவாரு. அவங்க தவறி ரெண்டு வருஷமாச்சு. உள்ளதான் இருக்காங்க, நீங்க சாப்பிடுங்கன்னுவேன். சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சா கேட்டதே ஞாபகம் இருக்காது."

பிறகு நாற்காலியின் நுனிக்கு வந்தார். "சார், இத கோர்ட்ல கேட்றாதீங்க. வீட்டுக்குள்ள பாத்தத வெளிய சொல்றவன நாளைக்கு யாரு வேலைக்கு வெச்சுப்பாங்க?"

"சரி" என்றேன்.

சாட்சி விசாரணை அன்று மச்சான் டயர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். என் மனைவியின் அண்ணன். வராந்தாவில் என் கவுனைச் சரிசெய்துவிட்டார்.

"பஞ்சரோட விட்றாத மாப்ள. டியூபையே கிழிச்சிடு. அந்தாளு கண்ணுல தண்ணி வரணும்."

"வரும் மச்சான்."

ஊசி பழைய கறுப்புக் கோட்டில் வந்தார். கூண்டில் ஏறி என்னை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. "தம்பி யாருகிட்ட ஜூனியரா இருந்தீங்க? காலர் கோணலா இருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காலை நேரம். கத்தியாகத்தான் இருந்தார்.

"இவர் உங்கள எப்படி மிரட்டினாரு?" என்று ஆரம்பித்தேன்.

"'உன்னப் பாத்துக்கிறேன்'னான்."

"புகார்ல 'உங்கள'ன்னு இருக்கு. படிச்சுப் பாத்துத்தான கையெழுத்து போட்டீங்க?"

"படிக்காம நான் எதுலயும் போட்டதில்ல."

"அப்ப மரியாதையா மிரட்டியிருக்காரு."

மறுபடியும் சிரிப்பு. நீதிபதி அம்மா பேனா மூடியைக் கடித்துக்கொண்டார்.

"உங்களக் குளிக்க வைக்கும்போதும் இதே வார்த்தைய சொல்லுவாரா?"

"சொல்லுவான்."

"அதுவும் மிரட்டலா?"

ஊசி கோட்டின் மடிப்பை நீவிவிட்டார்.

"அவர் தள்ளினதப் பாத்தீங்களா?"

"பின்னாலருந்து தள்றத எவன்யா பாக்க முடியும்?"

"பாக்கல."

வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அரசு வக்கீலுக்கும் தெரிந்துவிட்டது, கட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். எங்கள் தொழிலில் வேண்டியது கிடைத்ததும் உட்கார வேண்டும். ஊசி கோர்ட்டைக் கட்டியாண்டதெல்லாம் உட்காரத் தெரிந்ததால்தான். நான் உட்காரவில்லை.

கைப்பிடி எந்தப் பக்கம், மரமா இரும்பா என்று கேட்டேன். செருப்பு போட்டிருந்தீர்களா, படிக்கு விளக்கு உண்டா, சுவிட்ச் மேலேயா கீழேயா என்று கேட்டேன். பதில்களை மெதுவாக எழுதிக்கொண்டேன். அரசு வக்கீல் கொட்டாவி விட்டார். சாப்பாட்டு நேரம் நெருங்கியது.

"வக்கீல் சார், இதெல்லாம் எங்க போகுது?" என்றார் நீதிபதி அம்மா.

"முடியப்போகுது மேடம்."

நான் ஊசியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கோட்டுப் பையைத் தடவியது, கூண்டின் விளிம்பைத் தடவியது, மறுபடி பைக்குப் போனது. உதட்டை நக்கினார். கேள்வியை இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. எதிர்க் கூண்டில் நின்ற கைத்தடிக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"நீங்க விழுந்தப்ப உங்க மனைவி எங்க இருந்தாங்க?"

"வீட்டுலதான்."

"இப்ப?"

"வீட்டுலதான்யா இருப்பா. சோத்த வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. சீக்கிரம் விடுங்க, லேட்டாப் போனா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா." சொல்லும்போது லேசாகச் சிரித்தார். வீட்டில் ஆள் இருக்கிறவனின் சிரிப்பு.

அரசு வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார்.

"சார், வேணாம்" என்றார் கைத்தடி, வாய்விட்டே.

"உங்க மனைவி இறந்து ரெண்டு வருஷமாச்சு" என்றேன். "தெரியுமா, தெரியாதா?"

ஊசி என்னைப் பார்த்தார். நீதிபதியைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார், யாராவது இல்லை என்று சொல்வார்கள் என்பதுபோல.

"எப்போ?" என்றார். "எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே."

கூண்டைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தார். அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. எனக்குத் தெரிந்த சத்தம். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடமிருந்து வந்தது.

அப்போதுதான் நான் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் கைத்தடிக்கு விடுதலை. வாசலில் நின்றுகொண்டிருந்தார். நன்றி சொல்லவில்லை.

"கேக்க மாட்டேன்னீங்க சார்."

"உங்கள வெளிய கொண்டு வரணும்ல?"

"நான் அதுக்கு முன்னாடியே வந்துட்டேனே. எனக்கே தெரிஞ்சுதே." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். "தூங்கி எந்திரிச்சா இத மறந்துடுவாரு. நாளைக்கு மத்தியானம் மறுபடியும் கேப்பாரு. உள்ளதான் இருக்காங்கன்னு சொல்ல அங்க ஆள் இல்ல."

பஸ் நிறுத்தத்தின் பக்கம் நடந்துவிட்டார்.

மச்சான் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அழுதான் மாப்ள. பாத்தேன்."

"நாளைக்கு மறந்துடுவாரு மச்சான்."

"என்னது?"

"தூங்கி எந்திரிச்சா மறந்துடுவாராம். நான் கேட்டது, அவர் அழுதது, எல்லாம்."

மச்சான் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"அப்ப நமக்கு என்னடா லாபம்?"

"நமக்கு ஞாபகம் இருக்கும்" என்றேன்.