பக்கத்து இருக்கையின் பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவருக்கு, கற்க வருகிறவர்கள் வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இருபது வருடமாக வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். வீட்டுக் காரை மனைவி ஓட்டும்போதும் திருப்பம் வந்தால் அவர் கால் வெறும் தரையைப் போட்டு மிதிக்கும். "தரை ஓட்டையாயிடப் போகுது" என்று அவள் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் மகளின் பள்ளிக்கூடம் ஒரு தாளை அனுப்பினால் என்ன ஆகும்? ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை மதியம் பருவ வயதில் வரும் உடல் மாற்றங்கள் பற்றிய வகுப்பு. விருப்பமில்லாத பெற்றோர் கீழே கையெழுத்துப் போடலாம். பிள்ளை அந்த நேரம் நூலகத்தில் இருக்கும். மாஸ்டர் பேனாவைத் தேடக்கூட இல்லை, சட்டைப் பையிலேயே இருந்தது.

"நான் ஒருத்தி மட்டும்தாம்பா நூலகத்துல உக்காரணும்," என்றாள் மகள்.

"உக்காந்தா என்ன? நாலு புத்தகம் படி."

"எல்லாருக்கும் தெரியறது எனக்கு மட்டும் தெரியாம போயிடும்."

"அதெல்லாம் வர்றப்ப பாத்துக்கலாம்மா. நாங்க எதுக்கு இருக்கோம்?"

"அப்ப நீங்க சொல்லப்போறீங்களா?" என்று மனைவி கேட்டாள். மாஸ்டர் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார்.

அதன்பிறகு மூன்று நாள் மகள், அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அவருக்கு அது வலித்தது. ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை.

வெள்ளிக்கிழமை, அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட பேக்கரிக்கார அம்மாவுக்கு லைசென்ஸ் தேர்வு. தன் கணவருடைய காரில் போனார். அதில் ஒரே ஒரு பிரேக்தான். மூன்றாவது முறையாகக் கோட்டைவிட்டார். முச்சந்தியில் நிற்காமல் நேரே போயிருக்கிறார். அதிகாரி முகம் வெளுத்துப்போய் இறங்கினாராம்.

"பிரேக் எங்க இருக்குன்னு தெரியாதாம்மா?" என்று மாஸ்டர் கத்தினார்.

"தெரியும் சார். ஆனா உங்க பயிற்சி வண்டியில நான் அதை மிதிச்சதே இல்லையே. முச்சந்தி வந்தா அது தானா நின்னுரும். இன்னிக்கும் நிக்கும்னு சும்மா இருந்துட்டேன்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வரவேண்டும், வரவில்லை. தேர்வில் தோற்றவர்களையெல்லாம் மரமண்டைகள் என்று திட்டியிருக்கிறார். அவர்களுக்கு வேலையே வைக்காமல் தானே மிதித்துக்கொண்டிருந்தது யாராம்? அந்த முகங்களுக்கு நடுவே மகள் முகமும் வந்து நின்றது. மணி ஒன்றரை. வகுப்பு இரண்டுக்கு.

பள்ளி அலுவலகத்தில் இருந்த பெண்மணி அலட்டிக்கொள்ளாமல் இன்னொரு தாளை நீட்டினார். "வேணாம்னு சொல்றதும் உங்க உரிமைதான், வேணும்னு சொல்றதும் உங்க உரிமைதான். மனசு மாறினதுக்கும் ஒரு கையெழுத்து போடுங்க."

நூலகத்தில் மகள் புத்தகத்தைத் திறக்காமலே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போம்மா, வகுப்புக்குப் போ," என்றார். ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஓடியே போய்விட்டாள்.

சாயங்காலம் மனைவி கார் ஓட்ட, மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து மகள் நோட்டைப் பிரித்தாள்.

"வீட்ல பெரியவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டு எழுதிட்டு வரணுமாம்."

"அம்மாகிட்ட கேட்டுக்கோ..."

"உங்ககிட்டதாம்பா கேக்கணும். என் வயசுல உங்களுக்கு இதெல்லாம் யாரு சொன்னாங்க?"

அவர் கால் தரையை அழுத்தி மிதித்தது. வண்டி அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"யாரும் சொல்லலம்மா," என்றார் கடைசியில். "நான் ரொம்ப பயந்துபோயிருந்தேன்."

மகள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.