பச்சை ஜீப்பின் கால்கயிறு

கஜகஸ்தானின் மேற்கே தரையில் கடப்பாரையைப் போட்டால் எண்ணெய் பீறிடும். வடக்கே போட்டால் கடப்பாரை வளையும், அவ்வளவு குளிர். அதனால் வடக்கே கோதுமை விதைத்து, அறுத்து, அரைத்து, புளிக்கவைத்து, அடியில் நிலக்கரியை மூட்டிக் காய்ச்சி, வண்டிக்கு ஊற்றும் சாராயம் வடிக்க ஓர் ஆலை கட்டினார்கள். பூமியைக் காப்பாற்றத்தான். ஆலையின் புகை இருபது கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். யார் தன்னைக் காப்பாற்றுகிறார்கள் என்பதில் பூமிக்குச் சந்தேகமே வரக்கூடாது அல்லவா?

அந்த ஆலையின் ஆய்வகத்தில் தலைமை வேலை தொலேகெனுக்கு. ஆய்வகம் என்றால் அவனும் ஒரு தராசும். நவம்பர் மாதம் அவன் கையில் ஓர் எண் இருந்தது: பூஜ்யம் புள்ளி ஒன்பது ஒன்று. அதை எடுத்துக்கொண்டு இயக்குநர் சாப்பர்காலியின் அறைக்குப் போனான்.

"அண்ணே, உழவுக்கு டீசல், உரம் செய்ய எரிவாயு, ரயிலுக்குக் கரண்ட், காய்ச்சுறதுக்கு நிலக்கரி. மொத்தத்துல பதினோரு பங்கு எரிசக்தி உள்ள போகுது. வெளிய வர்ற சாராயத்துல பத்துப் பங்குதான் இருக்கு."

"மீதி ஒண்ணு எங்க போச்சு?"

"வானத்துக்கு."

"யாரக் கேட்டுப் போச்சு?"

அந்தக் கேள்வி அறிவியலின் எல்லைக்கு வெளியே இருந்ததால் தொலேகென் கணக்குத் தாளை மேசைமேல் வைத்தான்.

விஷயம் விளையாட்டல்ல. தலைநகரிலிருந்து புது உத்தரவு வந்திருந்தது: போட்டதைவிடக் குறைவாக எரிசக்தி எடுக்கும் ஆலைகள் புத்தாண்டோடு மூடப்படும். வருகிற வியாழக்கிழமை ராபிகா என்ற அதிகாரி நேரில் வந்து படிவத்தை நிரப்புவார். எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் முந்நூறு குடும்பங்கள் நடுத்தெருவில். தொலேகெனின் வீடு ஆலை கொடுத்த வீடு. அதன் சுவருக்குள் ஓடும் வெந்நீர் ஆலை அனுப்பும் வெந்நீர். ஆலை அணைந்தால் அவன் வீடும் அணையும். ஜனவரியில், மைனஸ் முப்பத்தைந்தில்.

"நிலக்கரிய எடுத்துடு தம்பி" என்றார் சாப்பர்காலி.

"ஆலையில இருந்தா?"

"கணக்குல இருந்துப்பா. ஊர் குளிர்காயுற நிலக்கரின்னு எழுதிக்கோ."

"முற்றத்துல மலை மாதிரி கெடக்கே அண்ணே. அந்தம்மாவுக்குக் கண்ணு இருக்கும்ல?"

தொலேகென் உத்தரவை முழுவதும் படித்திருந்தான். அந்த ஆலையில் அந்தக் கெட்ட பழக்கம் அவனுக்கு மட்டும்தான். பதினான்காவது விதி ஒரு வழி காட்டியது: காய்ச்சியபின் மிஞ்சும் கோதுமைச் சக்கையையும் எரிபொருளாகச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அதிகாரி கண்முன் அது ஒரு வண்டியை நகர்த்த வேண்டும்.

"சேத்தா ஒண்ணு புள்ளி ரெண்டு வரும். ஆனா சக்கையில தொண்ணூறு பங்கு தண்ணி அண்ணே. அடுப்புல கொட்டினா அடுப்புதான் அணையும்."

"அப்ப சக்கைய விடு. ஜீப்ப ஓட்டிக் காட்டுவோம். சுத்தமான சாராயம், பெட்ரோல் ஒரு சொட்டுக் கலக்கக்கூடாது. ஓடுற வண்டியப் பாத்துட்டா எவன் கணக்கப் பாப்பான்?"

"சுத்த சாராயம் குளிர்ல பத்தாதுண்ணே."

"என்ன பேசுற? குளிர்ல மனுஷனையே சூடாக்குது. ஜீப்ப ஆக்காதா?"

சக்கை யாருக்கும் பயன்படவில்லை என்று சொல்ல முடியாது. தொழிலாளிகள் தினமும் வீட்டுக்கு அள்ளிப்போனார்கள். ஊர் மாடுகள் வாசலில் நுழைய முடியாமல் கொழுத்திருந்தன. தொலேகெனுக்குத் தோரி என்று ஒரு செங்குதிரை. தினமும் அவனை வேலைக்குச் சறுக்குவண்டியில் இழுத்து வரும். மாலையில் அவனையும் இரண்டு பீப்பாய்ச் சக்கையையும் இழுத்துப்போகும். அந்தச் சக்கையைத் தானே தின்னும். ஆகஸ்டிலிருந்து இதே சாப்பாடு. டிசம்பரில், அந்த நாட்டு வழக்கப்படி, அதைக் குளிர்கால இறைச்சிக்கு அறுப்பதாக ஏற்பாடு. அவன் மனைவி குல்சிபா அதைக் குதிரையாகப் பார்ப்பதை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. முதுகைத் தடவிக்கொடுக்கும்போதே விலாவுக்கு இத்தனை, குடலுக்கு இத்தனை என்று விரல் மடக்குவாள்.

வியாழன் வந்தது. மைனஸ் பதினெட்டு. ஜீப்புக்குப் பச்சை வண்ணமடித்து, மூக்கில் கோதுமைக் கதிர் வரைந்திருந்தார்கள். சாப்பர்காலிக்கு முந்தின நாள்தான் ஒரு யோசனை உதித்தது.

"இது நம்ம ஆலையோட மொதப் பிள்ளை. பிள்ளை மொத அடி வைக்கிறப்ப கால்ல கயிறு கட்டி வெட்டுவோம்ல? இதுக்கும் வெட்டணும்."

முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துக் கறுப்பு வெள்ளைக் கயிறு கட்டினார்கள். யார் வெட்டுவது? இதில் கவனம் வேண்டும். வெட்டுகிறவரின் சுறுசுறுப்புதான் பிள்ளைக்கு வரும். பனிச்சறுக்கில் பறந்து பறந்து தபால் கொடுக்கும் நெசிபெலியைக் கூப்பிடலாம் என்றான் தொலேகென்.

"தலைநகர்ல இருந்து அதிகாரி வந்து நிக்கிறாங்க, தபால்காரம்மா கையில கத்தியக் குடுக்கிறதா? மரியாதை தெரியாதாப்பா உனக்கு?"

கத்தி ராபிகாவிடம் போனது. ஆலைக்குப் புது மின்கம்பி கேட்டு அனுப்பிய விண்ணப்பம் அவர் மேசையில் ஐந்து வருடமாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. அவர் நிதானமாகக் கையுறையைக் கழற்றி, நிதானமாகக் கயிற்றை வெட்டினார். ஜனங்கள் மிட்டாய் வாரி இறைத்தார்கள். ஓட்டுநர் ஜாக்சிபெக் சாவியைத் திருகினான்.

ஜீப் ஒருமுறை கனைத்தது. பிறகு ஒன்றுமில்லை. இன்னொரு முறை திருகினான். ஒன்றுமில்லை. எரிபொருள் சுத்தமானதா என்று காலையிலிருந்து ஜாக்சிபெக்தான் சோதித்துக்கொண்டிருந்தான். அவன் மட்டும் நன்றாகவே ஸ்டார்ட் ஆகியிருந்தான்.

கூட்டத்தில் ஒரு கிழவி பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள்: "கயித்த வெட்டுனது யாரு?"

"அந்த அதிகாரியம்மா."

"அப்ப அஞ்சு வருஷம் கழிச்சு ஓடும். வா, போலாம்."

ராபிகா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு ரயில். பையிலிருந்து படிவத்தை எடுத்தார், பேனாவை வாயருகே வைத்து ஊதிச் சூடாக்கினார். சாப்பர்காலியின் முகம் ஜீப்பின் நிறத்துக்கு வந்தது.

அந்த நேரத்தில் தோரி தும்மியது.

தொலேகென் திரும்பிப் பார்த்தான். சறுக்குவண்டியில் பூட்டியபடியே நின்று, பீப்பாயிலிருந்து சக்கை தின்றுகொண்டிருந்தது குதிரை. சக்கை. வண்டி. அதிகாரி கண்முன். அவன் ஓடிப்போய்ச் சறுக்குவண்டியைக் கழற்றிவிட்டுத் தோரியை ஜீப்பின் முன்னால் கொண்டுவந்து கட்டினான்.

"போடா ராசா!"

பனி இறுகிய தரை. கோதுமையில் ஊறிய குதிரை. ஜீப் நகர்ந்தது. ஜாக்சிபெக் உள்ளிருந்து ஹாரன் அடிக்க, அது ஆலைவாசல் வரை போய், ஒரு சுற்றுச் சுற்றி, ராபிகாவின் முன் வந்து நின்றது.

"என்ன இது?" என்றார் அவர்.

"வண்டி ஓடுது மேடம்."

"குதிரை இழுக்குது."

"ஓடுறதுக்கும் இழுக்கிறதுக்கும் படிவத்துல தனித்தனிக் கட்டம் இல்ல மேடம். பதினாலாவது விதியப் பாருங்க."

அவர் பார்த்தார். கட்டம் இல்லைதான்.

"இது வேற என்ன தின்னுது?"

"ஆகஸ்டுல இருந்து நம்ம ஆலைச் சக்கை மட்டும்தான். வேணும்னா மோந்து பாருங்க."

அரசாங்க அதிகாரி ஒருவர் குதிரையின் வாயை முகர்ந்து பார்ப்பதை அந்த ஊர் முதல்முறையாகப் பார்த்தது. புளித்த கோதுமை வாடை. ராபிகா சிறிது யோசித்தார். அந்த ஆண்டு ஒன்பது ஆலைகளைப் பார்த்துவிட்டார். வருடக் கடைசி அறிக்கையில் வெற்றி என்ற தலைப்பின் கீழ் இன்னும் வெறும் தாள்தான். எழுதத் தொடங்கினார். குளிரில் இயங்குகிறதா: ஆம். புகை: இல்லை. கழிவு: திடமானது, தோட்டத்துக்கு உதவும். விளைவு: ஒன்று புள்ளி இரண்டு.

சாப்பர்காலி தொலேகெனைக் கட்டிப்பிடித்து அழுதார். முந்நூறு குடும்பங்களுக்கும் வெந்நீர் உறுதியானது. ரயில் ஏறும் முன் ராபிகா ஒரு சின்ன இணைப்புத் தாளையும் கொடுத்துவிட்டுப் போனார்.

இரவுச் சாப்பாட்டில் குல்சிபா அதை இரண்டுமுறை படித்தாள்.

"'சோதனை இயந்திரம் அடுத்த ஆய்வு வரை இயங்கும் நிலையில் பராமரிக்கப்பட வேண்டும். விற்கவோ பாகம் பாகமாகப் பிரிக்கவோ கூடாது.' ஏங்க, எந்த இயந்திரம்?"

தொலேகென் ஜன்னல் வழியே தோரியைக் காட்டினான்.

"பாகம் பாகமான்னா?"

"விலா... குடல்..."

"அடுத்த ஆய்வு எப்ப?"

"கயித்த வெட்டுனது அந்தம்மாதான். நீயே கணக்குப் போட்டுக்கோ."

டிசம்பரில் ஊரெல்லாம் குதிரை இறைச்சி வேகும் மணம். குல்சிபா வீட்டில் உருளைக்கிழங்கு. ஆனால் வீடு கதகதவென்று இருந்தது. அதை மறுக்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே, கழுத்தில் அரசாங்க எண்பலகை தொங்க, தோரி இன்னும் அகலமாகிக்கொண்டிருந்தது. அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு, சக்கை வாளியைத் தூக்கிப்போய் அதன் முன்னால் வைத்தாள். பழக்கதோஷத்தில் விலாப்பக்கம் போன கையை இழுத்துக்கொண்டாள்.

"தின்னு, அரசாங்கமே" என்றாள். "நல்லாத் தின்னு."