ஈரச் சாக்கு யாருடைய யோசனை

1

இந்தக் கதைக்காக நான் எங்கும் அலையவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் தையல் மிஷின் ஜன்னலோரம் கிடக்கிறது. வெளிச்சத்துக்காகப் போட்டது என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு அன்னக்கொடியின் வாசல். வாசலில் ஒரு லேடீஸ் சைக்கிள். சைக்கிள் சீட்டில் ஓர் ஈரச் சாக்கு. அதிலிருந்து தண்ணீர் சொட்டும். கதை அந்தச் சொட்டில்தான் ஆரம்பித்தது.

ஆனால் எழுத உட்கார்ந்தபோது இப்படி ஆரம்பித்தேன்:

"மேற்கே மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்த வேளையில், அன்னக்கொடி" —

மேகம் இறங்கினால் அவளுக்கென்ன. விட்டுவிட்டேன்.

"பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதையில் கிருமி தொற்றுவது ஆண்களைவிட அதிகம். ஏனெனில்" —

ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற தாள் மாதிரி இருந்தது. இதையும் விட்டேன்.

"அன்னக்கொடி பல்லைக் கடித்தபடி கக்கூஸ் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்."

இது உண்மை. உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பின்பக்கச் சுவர் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொது. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

2

அன்னக்கொடிக்கு முப்பத்தெட்டு வயது. சிலமலையிலிருந்து தினமும் போடிக்குப் போய் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் காய் பிரிக்கிறாள். பெரிய காய், சின்னக் காய், வெடித்த காய், நிறம் செத்த காய் என்று ஒதுக்குகிற வேலை. போவது சைக்கிளில். அது மகள் சுகன்யாவுக்குப் பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள். மகள் மதுரையில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதும், இவள் கண்மாய்க் கரையில் விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரொம்ப விழுந்தாள்.

அதற்கு முன் பன்னிரண்டு வருடம், புருஷன் திருப்பதி ஓட்டுகிற ஜீப்பில் போடிமெட்டு ஏறி மலைத் தோட்டத்தில் காய் பறித்தாள். ஜீப்பு கிளம்பும்போது கிளம்பவேண்டும், திரும்பும்போது திரும்பவேண்டும். கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் பதினெட்டுப் பேரும் ஒரே பக்கம் சாயவேண்டும். சைக்கிள் வந்த பிறகுதான் அவள், "சரி, கெளம்புறேன்" என்று சொல்லப் பழகினாள். வீட்டில் யாரும் இல்லாதபோதும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள்.

அந்தச் சைக்கிளுக்குத்தான் ஆபத்து வந்தது. ஆறு மாதத்தில் மூன்று முறை நீர்க்கடுப்பு. அடிவயிறு வலி, சொட்டுச் சொட்டாக எரிச்சல், போய்விட்டு வந்த கையோடு மறுபடி போகத் தோன்றுவது. இளநீர், பார்லிக் கஞ்சி, ஊறவைத்த வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய், கடைசியில் ஆஸ்பத்திரி மாத்திரை என்று எல்லாம் பார்த்தாயிற்று.

திருப்பதி தீர்ப்புச் சொன்னான்.

"எல்லாம் சைக்கிளு கெளப்புற சூடு. வெயில்ல காஞ்ச சீட்டுல ஒக்காந்தா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? இன்னொரு தடவை வந்துச்சுன்னா வண்டியக் குரங்கணிக்கு எங்கக்கா வீட்டுக்கு ஏத்தி விட்டுருவேன். நீ பழையபடி ஜீப்புல வா."

"மலையில மட்டும் நோவு வராதா?"

"அங்கன செடி மறைவு இருக்குல்ல."

"செடி மறைவுல அட்டையும் இருக்கு."

திருப்பதி கெட்டவன் இல்லை. கெட்டவனாக எழுதினால் கதை வெரசாக முடிந்துவிடும் என்று ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். அவன் ஒத்துழைக்கவில்லை.

3

இந்த இடத்தில் மொக்கம்மாள் என்று ஒருத்தியைக் கொண்டுவருகிறேன். தெருக்கோடியில் மாவு மில் வைத்திருப்பவள். வாய் நீளம். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது கொதிக்கும் முன்பே அவளுக்குத் தெரியும். அவள் திருப்பதியை நிறுத்திச் சொல்கிறாள்:

"சீட்டுச் சூடுதானப்பா காரணம்? அதுக்கு எதுக்கு வண்டியவே அனுப்பணும்? ஒரு சாக்கை நனைச்சுச் சீட்டுல கட்டி விடு. பானையச் சுத்தி ஈரத்துணி கட்டுனா தண்ணி குளுந்து கெடக்குதா இல்லையா?"

திருப்பதிக்கு அது சரியாகப் பட்டது. மறுநாளிலிருந்து, ஜீப்பை எடுக்கும் முன் ஒரு காப்பிக்கொட்டைச் சாக்கைத் தொட்டியில் முக்கிப் பிழிந்து, நாலாக மடித்துச் சீட்டில் கட்டினான். பொண்டாட்டிக்கு ஒரு தடவை வெந்நீர் வைத்துக் கொடுத்தவன் இல்லை. சாக்கை ஒரு நாள்கூட மறக்கவில்லை. அன்னக்கொடி அதன்மேல் உட்கார்ந்து போடிவரை மிதித்தாள். ஸ்டோரில் அந்த ஈரத்தோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சாயந்தரம் காய்ந்த சாக்கை ஸ்டோர்க் குழாயில் நனைத்துக்கொண்டு திரும்பினாள். முதல் வாரம் குளுகுளுவென்றுதான் இருந்தது என்றாள்.

மூன்றாம் வாரம் நான்காவது தடவையாக வந்தது. திருப்பதியிடம் சொல்லவில்லை. சொன்னால் சைக்கிள் குரங்கணிக்குப் போய்விடும். தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றது அப்போதுதான்.

[மொக்கம்மாள் எனக்குத் திருப்தியாக வரவில்லை. யோசனை சொல்கிற இடத்தில் நன்றாகப் பேசுகிறாள். அதற்கு முன்னும் பின்னும் ஆளைக் காணோம். எங்கள் தெருவில் மாவு மில்லும் இல்லை. பிறகு பார்க்கலாம்.]

4

அரசு ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணைக்குப் போனேன். துணைக்குத்தான். டாக்டரம்மா சின்ன வயது. தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போவீங்க?"

"காலையில ஒருக்கா. சாயந்தரம் வீட்டுக்கு வந்து ஒருக்கா."

"நடுவுல?"

"நடுவுல ஸ்டோரு."

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

"குடிச்சா வரும்ல."

டாக்டரம்மா தலையைத் தூக்கினார். போன தடவை கொடுத்த மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டாளா என்று கேட்டார். இரண்டு நாளில் எரிச்சல் நின்றதும், மிச்சத்தை ஸ்டோரில் பக்கத்தில் உட்காருகிற சுப்புத்தாய்க்குக் கொடுத்துவிட்டதாக அன்னக்கொடி சொன்னாள். பிறகு சாக்கு விஷயத்தையும் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை யாரு சொன்னது?"

அன்னக்கொடி ஒரு சுவரைப் பார்த்தாள். நான் இன்னொரு சுவரைப் பார்த்தேன்.

"சைக்கிள் மேல பழியப் போடாதீங்க. நல்லா ஓட்டுங்க. சீட்டு முன்பக்கம் தூக்கிட்டு இருந்தாக் கொஞ்சம் எறக்கச் சொல்லுங்க. ஏறுறதுக்கு முன்னாடி போயிருங்க, எறங்குனதும் போயிருங்க. ஈரத்துணியோட, வேர்த்த துணியோட மணிக்கணக்கா ஒக்காராதீங்க. கழுவுறப்ப முன்னாலருந்து பின்னால கழுவணும். வீட்டுக்காரரோட இருந்தா எந்திரிச்சுப் போயிட்டு வந்து படுங்க.* மாத்திரைய நான் சொல்ற நாளு வரைக்கும் முழுசா முழுங்கணும், தானம் பண்ணக்கூடாது. குளிர்காய்ச்சலு, விலாப்பக்கம் முதுகு வலின்னா அன்னைக்கே வாங்க. எல்லாத்துக்கும் மேல, தண்ணி குடிக்கணும். வந்தா அடக்கக்கூடாது."

"அதுதான் டாக்டரம்மா முடியாது," என்றாள் அன்னக்கொடி.

* இந்த வரியை என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுத்தான் சொன்னார். திரைத்துணிதானே.

5

ஏன் முடியாது என்பதற்கு ஸ்டோரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஏலக்காய்க்கு ஈரம் ஆகாது. ஈரம் பட்டால் பச்சை போய்விடும், பூஞ்சை பிடிக்கும். அதனால் காய் பிரிக்கிற கூடத்துக்குள் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகக் கூடாது. பன்னிரண்டு பெண்களின் பாட்டிலும் வாசலில் வரிசையாக நிற்கும். குடிக்கவேண்டுமானால் எழுந்து, தட்டை மூடி, வெளியே போய், கையைத் துடைத்துவிட்டு வரவேண்டும். இது நியாயமான சட்டம்தான். காயை இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம்கூட உண்டு.

அடுத்தது சாவி. பெண்கள் கக்கூஸ் ஸ்டோருக்குப் பின்பக்க வளவில், லோடு ஏற்றுகிறவர்கள் உட்கார்ந்து பீடி குடிக்கிற இடத்தைத் தாண்டி இருக்கிறது. பூட்டியிருக்கும். சாவி சூப்பர்வைசர் தங்கபாண்டியின் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். தொலையாமல் இருக்க அதில் ஒரு பழைய இரண்டு கிலோ எடைக்கல்லைக் கட்டி வைத்திருக்கிறார். கேட்டால் கொடுப்பார், மறுக்கமாட்டார். "என்னத்தா, அதுக்குள்ளயா?" என்று மட்டும் கேட்பார். பிறகு எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு பீடிக்காரர்களைத் தாண்டி நடக்கவேண்டும். காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது அதைவிடச் சுலபம் என்று பன்னிரண்டு பெண்களும் தனித்தனியாகக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

6

இதுவரை எழுதியதை ஞாயிற்றுக்கிழமை அன்னக்கொடிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மதினி. அந்த மொக்கம்மாங்கிறது யாரு?"

"அது சும்மா, கதைக்காக."

"சாக்கு நனைக்கச் சொன்னது நீயில்ல?"

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. நல்ல வாக்கியம்தான். அடித்துவிட்டேன்.]

ஆமாம். நான்தான். மொக்கம்மாளை இத்துடன் கதையிலிருந்து அனுப்பிவிடுகிறேன். அவள் பேசியதெல்லாம் நான் பேசியது. பானை உதாரணமும் என்னுடையதுதான். அந்த நேரத்தில் எனக்கே பிடித்துப்போயிருந்தது.

"சொன்னவ நீ. அவருகிட்டயும் நீயே சொல்லு. நான் சொன்னா வண்டிக்காகப் பேசுறேன்னு நெனப்பாரு."

நாலாவது தடவை வந்ததையும், சாக்கைப் பற்றி டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். திருப்பதி சாக்கைத் தொட்டுப் பார்த்தான்.

"அப்ப நான்தான் தெனமும் நனைச்சு நனைச்சு..."

"நான் சொல்லித்தானப்பா செஞ்ச."

"ஆமாக்கா. நீங்க சொல்லித்தான்." சட்டென்று தெளிந்துவிட்டான். சாக்கை அவிழ்த்துக் கொடியில் போட்டான். "சரி, இந்தத் தடவை வந்தது சாக்கால வந்ததா இருக்கட்டும். இன்னொண்ணு வந்தா ஜீப்புதான்."

அவன் போனதும் அன்னக்கொடி கையைத் துடைத்துக்கொண்டு என் மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இத்தனை வருசமா எங்க வீட்டுச் சேதிய ஊருக்குச் சொன்னில்ல. இப்ப ஒரு சேதி நானே தர்றேன். ஸ்டோர்ல பன்னெண்டு பேர்ல ஏழு பேரு நம்மூருதான். வீடு வீடாப் போயிச் சொல்லு. நாளைக்கு எல்லாரும் ஒரு செம்புத் தண்ணி குடிச்சிட்டு வரணும். வாசல்ல வச்ச பாட்டிலையும் குடிக்கணும். வந்தா எந்திரிக்கணும். நான் ஒருத்தி கேட்டா, அதுக்குள்ளயாம்பாரு. ஏழு பேரும் மாத்தி மாத்திக் கேட்டா எத்தனை தடவைதான் அந்தக் கல்லை எடுத்துக் கொடுப்பாரு?"

போனேன். அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. அன்னக்கொடியைத் தவிர்த்து ஆறு வீடு. அதில் நாலு பேருக்கு இதே நீர்க்கடுப்பு. ஒருத்தி பஸ்சில் போகிறவள், மூன்று பேர் ஷேர் ஆட்டோ. ஒருத்தியும் சைக்கிளைத் தொட்டதில்லை. சுப்புத்தாய் என்னை வாசலிலேயே நிறுத்தி, "அந்த மாத்திரை எனக்கும் கேக்கல மதினி" என்றாள். நாலு வீட்டில் வருடக்கணக்காக நடப்பது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. ஜன்னலை எந்தப் பக்கம் வைத்து என்ன பயன்.

7

முடிவுக்கு மூன்று யோசனை வைத்திருந்தேன்.

ஒன்று: தங்கபாண்டி மனம் மாறி எடைக்கல்லை அவிழ்த்துவிட்டு, சாவியைக் கதவிலேயே தொங்கவிடுகிறார். அவர் என்னோடு எட்டாவது வரை படித்தவர். தானாக மாறுகிற ஆள் இல்லை.

இரண்டு: ஐந்தாவது தடவை வருகிறது. சைக்கிள் ஜீப்பின் மேல் ஏறிக் குரங்கணிக்குப் போகிறது. எழுதிவிட்டுக் கிழித்தேன். கிழித்த தாளையும் அடுப்பில் போட்டேன்.

மூன்று: அன்னக்கொடி எழுந்திருக்கிறாள். மற்ற ஆறு பேரும் தட்டைவிட்டுத் தலையைத் தூக்காமல் —

இதை முடிக்கவில்லை. மூன்றிலும் நடக்கக்கூடியது இதுதான் என்பதால்.

இன்று திங்கட்கிழமை. ஏழரை மணிக்கு அன்னக்கொடி வாசலில் நின்று ஒரு செம்புத் தண்ணீரை நிறுத்தி நிறுத்திக் குடித்தாள். அவளுக்குப் பழக்கமில்லை, பாதியில் மூச்சு வாங்கியது. தனியாகக் குடிக்கிறாளே என்று நானும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு செம்பு குடித்தேன். சீட்டு முன்பக்கம் இறங்கி, காய்ந்து கிடந்தது. "சரி, கெளம்புறேன்" என்றாள். முதல் தடவையாக, ஒளிந்து கேட்காமல் அதைக் கேட்க ஆள் இருந்தேன்.

இப்போது மணி பத்து. கூடத்தில் பன்னிரண்டு தட்டு. ஆணியில் சாவி. அவளுக்கு வந்திருக்கும். எழுந்தாளா, யாராவது கூட எழுந்தார்களா என்று இங்கிருந்து தெரியவில்லை. என் ஜன்னல் அவ்வளவு தூரம் எட்டாது. சாயந்தரம்வரை உட்கார்ந்து, அவள் வந்ததும் கேட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன்.

ஆனால் அந்த ஒரு செம்பு எனக்கும் வேலை காட்டுகிறது. இந்தப் பத்தியை முடித்துவிட்டுப் போகலாம் என்று இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று. டாக்டரம்மா அடக்கக்கூடாது என்று சொன்னது கதை எழுதுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இருக்கவேண்டும். நீங்கள் அந்தக் கூடத்தில் ஏதாவது ஒரு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். அவள் எழுந்தால் நீங்களும் எழுந்திருங்கள். நான் எழுந்