ஒரு பருவத்துக்கு விலக்கி வைக்கப்பட்ட ஓடை

ஜூன் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, டில்போர்ன் ஓடை திடீரென்று திரும்பி, தான் வந்த வழியே ஓட ஆரம்பித்தது. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் அன்று மேல்காற்று, லேசான மேகம். டிரவுட் மீன் பிடிக்க அதைவிட நல்ல நாள் அமையாது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஆம்ப்ரோஸ் டாப்செல்லுக்குப் பதினான்கு வருஷம் காத்திருந்து கிடைத்த சோதனை நாள் அது. ஒரு தப்பும் இல்லாமல் ஒரு மீன் பிடித்தால் ஓடையில் தூண்டில் போடும் சங்கத்தில் இடம். தவறினால் காத்திருப்போர் பட்டியலின் கடைசிக்குப் போக வேண்டியதுதான். அவருக்கு வயது எழுபத்தொன்று. கடைசிக்குப் போனால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும்.

சங்கத்து விதிகள் மாதாகோயில் விதிகளைவிடக் கறாரானவை. தூண்டில் முள்ளில் இறகால் கட்டிய பொய் ஈ மிதக்க வேண்டும், மூழ்கக் கூடாது. மீன் மேலே வந்து வாய் திறப்பதைப் பார்த்த பிறகே தூண்டிலை வீசலாம். அதையும் தண்ணீர் வரும் பக்கம் பார்த்துத்தான் வீச வேண்டும். போகும் பக்கம் வீசுகிறவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். டாப்செல் வலப்பக்கம் பார்த்து நின்றார், ஓடை திரும்பியது. அவரும் திரும்பினார், அது மறுபடி திரும்பியது. மீன்களும் தலையைத் திருப்பித் திருப்பி அலுத்துப்போயின.

"ஹெஸ்டர், இப்ப தண்ணி எந்தப் பக்கத்துலேருந்து வருது?"

"என்னைக் கேட்டா? சாப்பாட்டுக்கு முன்னாடி அந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு," என்றாள் மேற்பார்வைக்கு வந்திருந்த ஓடைக் காவல்காரி ஹெஸ்டர் பிராக்னெல். "சுத்திக்கிட்டே இருந்தா தலைதான் கிறுகிறுக்கும் மிஸ்டர் டாப்செல். வீசுங்க."

நாலு மணிக்கு ஒரு மீன் எழும்பியது. சரியான பக்கம்தான் வீசினார். ஈ காற்றில் இருக்கும்போதே ஓடை திரும்பிவிட்டது. மீன் கவ்வியது. ஹெஸ்டர் குனிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், எதையும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் மனுஷன் மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, நேரே சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போய், தப்பான பக்கம் வீசிவிட்டேன் என்று தானே எழுதிக் கொடுத்தார். இப்படிப்பட்டவரை என்னவென்று சொல்வது?

கமிட்டி பதினோரு மாதம் குழம்பியது. ஈ கையை விட்டுப் போனபோது சரி என்று பாதிப் பேர், தண்ணீரில் விழுந்தபோது தப்பு என்று மீதிப் பேர். கடைசியில், ஒழுங்கு தவறியது ஓடைதான் என்று தீர்மானித்தார்கள். டாப்செல்லைச் சேர்த்துக்கொண்டு, ஓடையை ஒரு பருவத்துக்கு விலக்கி வைத்தார்கள். ஓடை ஒரு மறுப்பும் சொல்லாமல் மறுநாளே பக்கத்துப் பண்ணையின் மேய்ச்சல் நிலத்துக்குக் குடிபோனது. அங்கே யாரும் புழு மாட்டி மீன் பிடிக்கலாம், சங்கத்துக்காரர்களைத் தவிர.

உறுப்பினராகி முதல் நாள், டாப்செல் வறண்ட வெள்ளைக் கற்களின் மேல் தூண்டிலோடு நின்றார். கைக்குட்டையை எடுத்தார்.

"பதினஞ்சு வருஷம், ஹெஸ்டர்."

"தெரியுது. அழுறத அப்புறம் வச்சுக்கலாம். அதோ, எழும்புது பாருங்க."

இரண்டு கற்களுக்கு நடுவே ஒரு டிரவுட் மூக்கை நீட்டி, வாய் திறந்து மூடியது.

"எந்தப் பக்கம் பார்த்து வீசணும்?"

"தண்ணியே இல்லையே. உங்க இஷ்டம்."

வீசினார். மீன் இரண்டரைப் பவுண்டு எடை இருந்தது. அதன் மேல் படிந்திருந்த சுண்ணாம்புத் தூசியைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு இருவரும் அடுத்த மீனுக்காக உட்கார்ந்தார்கள்.