லெலாண்டின் போருக்கு இரண்டு சாட்சிகள்

இரண்டு ஊர்களுக்கு நடுவே அந்த லெலாண்டின் சமவெளி பச்சையாய்க் கிடக்கிறது, ஒரு பக்கம் கால்கிஸ், மறுபக்கம் எரெட்ரியா, எப்சிபா கிரேக்கத்துக்குப் போனதே இல்லை, கண்ணை மூடினால் தாமிரபரணிக் கரை வயல்தான் வருகிறது, வெண்கலக் கவசம் போட்டவர்கள் அதன் வரப்பில் வரிசையாக நடக்கிறார்கள், இரண்டாயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முந்தைய அந்தச் சண்டையைப் பற்றி மிஞ்சியவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வரிகள், அவற்றுக்காகத்தான் பாளையங்கோட்டைக் கல்லூரியில் வரலாறு நடத்திய அவளும் உடன் வேலை பார்த்த ஞானபரணமும் ஒரு பாதிரியாரிடம் கிரேக்கம் படித்தார்கள், ஒன்பது வருஷம், வகுப்பு முடிந்தால் ஒரே மேசை, ஒரே அகராதி, தூரத்திலிருந்து எறிகிற ஆயுதம் வேண்டாம் என்று இரண்டு ஊராரும் ஒப்பந்தம் செய்து தூணில் வெட்டி வைத்ததாகப் பல நூற்றாண்டு கழித்து ஒருவர் எழுதுகிறார், தூண் இருந்திருக்கும் சார் என்கிறாள் அவள், பின்னால வந்தவங்க ஆசைப்பட்டு எழுதிக்கிட்டது எப்சிபா, அப்படியொரு யோக்கியமான சண்டை எங்க நடந்திருக்கு என்கிறார் அவர்.

அவருடைய கட்டுரை அச்சில் வந்தபோது அவள் பெயர் அதில் இல்லை, என் ஒன்பது வருஷத்தைத் திருடிட்டீங்க என்று நாலு பக்கம் எழுதித் தபாலில் போட்டாள், பதில் வரவில்லை, அவர் ஓய்வு பெற்று நாகர்கோவிலுக்குப் போய்விட்டார், பதினோரு வருஷம் அவள் அந்தச் சில வரிகளோடு தனியாக இருந்தாள், ஒரு சொல் பிடிபட்டால் நிமிர்ந்து எதிர் நாற்காலியைப் பார்ப்பாள், பிறகு குனிந்துகொள்வாள்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு மேற்கோளுக்காகப் பழைய நோட்டைப் புரட்டியபோது அவளுடைய கையெழுத்திலேயே, தேதியோடு இருந்தது, தூண் கட்டுக்கதை என்ற சாரின் முடிவு எனக்குச் சம்மதமில்லை, கட்டுரையில் என் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றே எழுதியதை நம்பு, பின்னால் நினைவிலிருந்து சொல்வதைச் சந்தேகி என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்னவள் அவள்.

நாகர்கோவில் பஸ்ஸில் போகும்போது ஆரல்வாய்மொழிக் காற்றில் கவசங்கள் உரசுவது போலிருந்தது, அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள், ஞானபரணம் நேராக அவள் முகத்தைப் பார்த்து, யாரு என்றார்.

நான்தான் சார், எப்சிபா.

கண்ண சுகர் எடுத்துட்டுப் போயிட்டு, ரெண்டு வருசமாச்சு, உட்காரு என்றார். அவள் நோட்டை வாசித்துக் காட்டினாள், தப்பு என்னோடது சார், நீங்க ஏன் சொல்லல என்றாள். சொன்னா நம்பியிருப்பியா, என்னைக்காவது நோட்டப் பாப்ப, நீ வருவேன்னுதான் இருந்தேன், கண்ணுதான் அதுவரைக்கும் பொறுக்கல.

இப்ப யாரு சார் உங்களுக்கு வாசிச்சுக் காட்டுறா.

இந்த ஊர்ல கிரேக்கம் வாசிக்க யாரு இருக்கா.

அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள், நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு முதல் வரியைத் தொடங்கினாள், மூன்றாவது சொல்லில் அவர் கையை உயர்த்தினார், அது நெடில் எப்சிபா, நீட்டிச் சொல்லு என்றார், அவள் நீட்டிச் சொன்னாள்.