வெளிச்சாமான்

1

1988, நோன்பு மூன்றாம் நாள், மாலை 6.08. இந்தக் கதை அந்த நிமிடத்திலிருந்து வந்தது. கல்முனையில் எங்கள் பள்ளிவாசலில் அப்போது மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். ஊர் நோன்பு திறந்தது. சூரியன் இன்னும் மறைந்திருக்கவில்லை.

நான்கு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்று, 'அன்று வானம்' என்பதோடு நின்றுவிட்டது. வானம் எனக்குத் தெரியாது. நான் அறைக்குள் இருந்தேன்.

2

அறை, ஒரு புடைவைக் கடையின் மேல்மாடி. ஒரு கொம்பியூட்டர், ஒரு பிரின்டர், உட்கார இரண்டு கதிரை, ஏழு பிளொப்பி. கீழேயிருந்து புதுத் துணியின் மணம் வரும். இன்றும் புதுச் சாறனை விரித்தால் எனக்கு அந்தப் பிரின்டரின் இரைச்சல் கேட்கிறது.

அங்கே இருவர் படிப்பித்தார்கள். என் மச்சி றஹீமா, மாமியின் மகள். மற்றவன் முத்தலிப்.

நோன்பு கால அட்டவணைக்காக றஹீமா ஒரு செய்நிரல் எழுதினாள். சூரியன் மறையும் நேரத்தைக் கணிக்கும் பகுதி மட்டும் அவளுடையதல்ல. கொழும்பில் யாரோ எழுதியது, கைமாறி வந்தது. அப்படி வந்தவற்றை வெளிச்சாமான் என்பாள். அவற்றுக்கென்று ஒரு கொப்பி: எது, யாரிடமிருந்து, எந்தத் திகதி, எதற்கு. புதியது வந்தால் பழையதன் மேல் எழுதக் கூடாது. இரண்டையும் ஒரு கிழமை ஓடவிட்டு, வயல்கரையில் மணிக்கூட்டோடு நின்று பார்த்த நேரத்தோடு ஒப்பிட வேண்டும்.

(எங்கள் கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறைவதில்லை. வயலில் மறையும்.)

3

நோன்புக்கு இரண்டு நாள் முந்தி முத்தலிப் கொழும்பிலிருந்து புதியதைக் கொண்டு வந்தான்.

"மச்சி, இது பழையத விட நாலு மடங்கு வேகம்."

"சூரியன் வேகமா மறையுமா?"

"பகிடி விடாதீங்க. முப்பது நாளும் அரை மணித்தியாலத்தில அடிச்சி முடியும்."

"வெளிச்சாமான் முதல்ல வாசல்ல இரிக்கட்டும். கொப்பியில எழுது. பழையத வேறயா எடுத்து வை."

"ஓம், ஓம்."

[முத்தலிப் ஏன் 'மச்சி' என்கிறான்? அவள் அவனுக்கு உறவில்லையே. பிறகு திருத்த வேண்டும்.]

வெறும் பிளொப்பி ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதில் அவன் ஒரு காரோட்ட விளையாட்டை ஏற்றிவிட்டிருந்தான். ஆகவே பழையதன் மேல் புதியதை எழுதினான். இரண்டுக்கும் ஒரே பெயர். கொப்பியில் எழுதவில்லை. மறுநாள் றஹீமா வழக்கம்போல அச்சடித்து, அடியில் தன் பெயரை எழுதிப் பள்ளிவாசலுக்கு அனுப்பினாள்.

சூரியன் முழுதாக மறைய எடுக்கும் மூன்று நிமிடத்தைப் பழையது தானே கூட்டிக்கொள்ளும். புதியது கூட்டாது. பாவிப்பவர் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அதன் முதல் வரியிலேயே இருந்தது. யாரும் வாசிக்கவில்லை.

4

முதல் இரண்டு நாளும் மேகம். மூன்றாம் நாள் வயல் வரம்பில் நின்ற கலந்தர் காக்கா வாங்கைக் கேட்டார். கையில் பேரீச்சம்பழம். எதிரே முழுச் சூரியன். சைக்கிளை மிதித்துப் பள்ளிக்குப் போய், வாங்கு சொன்ன மோதினாரைப் பிடித்தார்.

"மோதினார், நீங்க திறந்திட்டீங்க. சூரியன் இன்னும் நோன்போடதான் இரிக்கி."

மூன்று நோன்பையும் ஊரே திரும்பப் பிடிக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. பள்ளி நிருவாகிகள் றஹீமா வீட்டுக்கு வந்தார்கள். கொப்பியைத் திறந்தாள். அந்தத் திகதியில் ஒன்றுமில்லை. யார் எழுதவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"பிழை என்டதான்" என்றாள்.

முத்தலிப் பக்கத்தில் நின்றான். வாய் திறக்கவில்லை.

சந்தையில் 'கொம்பியூட்டர் நோன்பு' என்று சொல்லிச் சிரித்தார்கள். வகுப்புக்கு வந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். றஹீமா பிறகு ஒரு வரி நிரலும் எழுதவில்லை.

5

[இது ஆறாம் பகுதிக்குப் பிறகு எழுதப்பட்டது.]

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் முத்தலிப் ஒப்புக்கொள்கிறான். ஒன்றில் அவன் குவைத்துக்குப் போய்விடுகிறான். மற்றதில் அவள் அவனை

இந்தக் கதையும் வெளிச்சாமான்களால் ஆனது. சூரியன் கலந்தர் காக்காவுடையது. கொப்பி றஹீமாவுடையது. முத்தலிப் மட்டும் நான் செய்தது. நடந்ததன் மேல் அவனை எழுதினேன். அந்த அறையில் இரண்டாவது கதிரை என்னுடையது.

எந்த முடிவை வைப்பது என்று வாசகர் தீர்மானிக்கட்டும் என எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். அதுவும் வாய் திறக்காமல் நிற்பதுதான்.

6

போன வெள்ளிக்கிழமை மருதமுனைக்குப் போய், நான்கு பகுதிகளையும் மச்சியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். காரோட்டம் வந்த இடத்தில் சிரித்தாள்.

"அதில ஒரு நாளும் நீ என்ன வெல்லல்ல."

"ஓம்."

கடைசித் தாள்வரை போனாள். மூன்றாம் பகுதிக்குத் திரும்பினாள். ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"மசூர், ஆரு இந்த முத்தலிப்?"