திமிங்கலத்தின் இடுப்பெலும்பு

கெட்டிலின் மூக்கிலிருந்து வந்த ஆவியில் புத்தகத்தைக் காட்டி, ஒட்டியிருந்த தாள்களின் ஓரத்தில் வெண்ணெய்க் கத்தியை நுழைத்தாள் கெர்டீன். முன்னறையில் அப்பா தேயூனிஸ் நாலாவது நாளாகப் பெட்டிக்குள் படுத்திருந்தார். பத்து மணிக்குப் போதகர் வந்து வேதம் வாசிப்பார். பிள்ளைகள் இருவரும் மூடியை வைத்துத் திருகுவார்கள். அப்புறம் கல்லறைத் தோட்டம். இப்போது ஒன்பதரை. மூடி விழுவதற்குள் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். ஊர்ப் பிள்ளைகளின் புத்தகங்களை ஒட்டினார், சரி. யாருமே தொடாத தன் சொந்தப் புத்தகத்தை இந்த மனுஷன் எதற்கு ஒட்டினார்?

முப்பத்தோரு வருஷம் அப்பா ஊர்ச் சபைப் பள்ளியில் உயிரியல் வாத்தியார். கூரை ஓட்டிலிருந்து சாக்பீஸ் வரை எல்லாச் செலவும் ஹேக் நகரத்திலிருந்து வரும், அரசாங்கத்துடையது. கொடுக்கிறவன் சும்மா கொடுப்பானா? கடைசி வருஷப் பரீட்சைத் தாளும் அங்கிருந்துதான் வரும், அதில் பரிணாமம் இருக்கும். அதனால் புத்தகத்தில் அந்தப் பாடத்தின் எட்டுப் பக்கமும் இருக்க வேண்டும். சபை மூப்பர்களோ, ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டது என்று படிக்கிற பிள்ளைகள் கண்ணில் அது படவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். கிழித்தால் அரசாங்கத்துப் பொருளை நாசம் செய்ததாக ஆகும்.

அப்பாதான் வழி கண்டுபிடித்தார். ஆகஸ்டில் புதுப் புத்தகங்கள் கட்டுக் கட்டாக வீட்டுக்கு வரும். மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி அந்தப் பக்கங்களை ஓரத்தில் மட்டும் ஒட்டுவார்கள். கடைசி வருஷம் பரீட்சைக்கு முன்னால் ஆவி காட்டிப் பிரித்துக்கொள்ளலாம். பசை தடவுவது கெர்டீன், நீவி விடுவது தம்பி ஏவர்ட். மேலே பாரத்துக்கு வீட்டு வேதாகமம். பித்தளைக் கொக்கி போட்ட ஏழு கிலோ புத்தகம், அதைவிடத் தோதான பாரம் அந்த வீட்டில் கிடையாது.

ஒருமுறை ஹேக்கிலிருந்து வந்த அதிகாரி, இதென்ன, ஈரத்தில் ஒட்டிக்கொண்டதா என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத அப்பா, "இல்லைங்க, நான்தான் ஒட்டினேன். காபி குடிக்கிறீங்களா?" என்றார். அதிகாரி இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போனார்.

பதின்மூன்று வயதில் கெர்டீன் ஒரு புத்தகத்தை ஒட்டாமல் தள்ளி வைத்து எட்டுப் பக்கத்தையும் படித்தாள். "அப்பா, இது பொய்யா?" என்று கேட்டாள். அவர் பசைக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி, "ஆறிப்போகுது, தடவு" என்றார். அத்தோடு சரி. அவள் லைடன் நகரத்துக்குப் போனாள். கரை ஒதுங்கிச் சாகும் திமிங்கலங்களின் எலும்பைச் சுத்தம் செய்து அடுக்குகிற மியூசியத்தில் வேலை. ஊரில் யாராவது கேட்டால் அப்பா, "லைடன்ல ஆபீஸ் வேலை" என்பார். ஞாயிறு தவறாமல் போனில் பேசுவார்: மழை, முட்டிவலி, உருளைக்கிழங்குச் செடி. அந்த 'ஆபீஸ் வேலை' அவளை இன்றைக்கும் எரித்தது.

"அக்கா, காபிக்குத் தண்ணி வெக்கறியாக்கும்னு பார்த்தா இங்க என்ன பண்ற?" ஏவர்ட் கறுப்புக் கோட்டில் சமையலறை வாசலில் நின்றான். இப்போது பள்ளி நிர்வாகக் குழுவின் செயலாளர் அவன்தான்.

"அப்பாவோட புஸ்தகம். ஒட்டியிருக்கு."

"இப்ப அதை நோண்டணுமா? பெட்டி இன்னும் மூடலை."

"மூடினப்புறம் நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

வேதாகமத்தை எடுக்க வந்தவன், அதைத் தூக்காமல் பக்கத்தில் நின்று பார்த்தான். பசை இளகி, தாள் மெல்லப் பிரிந்தது.

ஓரம் முழுக்கப் பென்சில். அப்பாவின் பொடி எழுத்து. பெயர், வயது, கேள்வி. பிள்ளைகள் வகுப்பில் கேட்டதெல்லாம் அங்கே இருந்தது. சில மீனுக்கு எதற்கு நுரையீரல் என்று ஒருவன் கேட்டிருந்தான். அதற்கு நேரே 'சொன்னேன்' என்று இருந்தது. பலவற்றுக்கு நேரே 'சொல்லவில்லை'. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரி: 'கெர்டீன், 13. இது பொய்யா? சொல்லவில்லை.'

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.

கடைசிப் பக்கத்தில் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுப் படம். அதன் பின்பகுதியில் தனியாக மிதந்த சின்ன எலும்பைச் சுற்றி ஒரு வட்டம். நடுங்கிய கையெழுத்து, மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. 'நடக்காத பிராணிக்கு இடுப்பெலும்பு எதற்கு? உண்மையில் இருக்கிறதா? கெர்டீனிடம் கேட்க வேண்டும்.'

"மூணு வருஷம்டா," என்றாள். "ஒரு ஞாயித்துக்கிழமை விடலை. செடி முளைச்சிருச்சுன்னு சொன்னாரு. இதைக் கேக்கலை." கோபத்தில்தான் ஆரம்பித்தாள், பாதியிலேயே அழுகை வந்துவிட்டது.

ஏவர்ட் தன் கைக்குட்டையைக் கொடுத்தான். அதற்குள்ளிருந்த பெப்பர்மின்ட் மிட்டாய் மேசையில் விழுந்து உருண்டது.

"யாரும் பார்த்துடக் கூடாதுன்னு ஒட்டியிருக்காரு," என்றாள். "ரிட்டயர் ஆகி இத்தனை வருஷமாச்சு, இன்னுமா மூப்பர்களுக்குப் பயந்தாரு?"

"மூப்பர்களுக்கு இல்லக்கா, எனக்கு." ஏவர்ட் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாராவாரம் இந்த மேசையில உக்காந்து சாப்பிட்டவன் நான்."

வாசலில் போதகரின் கார் நின்ற சத்தம். அவன் வேதாகமத்தைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். இரண்டடி நடந்து திரும்பினான்.

"அது நெசமாவே இருக்கா?"

"இருக்கு. என் கையாலயே கழுவியிருக்கேன்."

"சும்மாவா கெடக்கு?"

"சும்மா இல்லை. சதை ஒட்டியிருக்கும், வேற வேலை உண்டு. நடக்கறதுக்குத்தான் இல்லை."

"எவ்வளவு பெருசு?" என்று கேட்டான். அதற்குள் போதகர் உள்ளே வந்துவிட்டார்.

ஜெபத்தில் பெண்கள் தலையை மூட வேண்டும் என்பதால் அவள் இரவல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். வாசிப்பு முடிந்தது. ஒரு சங்கீதத்தை இழுத்து இழுத்துப் பாடினார்கள். அப்பாவின் முகம், யாரோ கேள்வி கேட்டதும் வகுப்பில் வைத்துக்கொள்வாரே, அதே முகமாக இருந்தது. அக்காவும் தம்பியும் மூடியைத் தூக்கி வைத்தார்கள். தலைப்பக்கத்து இரண்டு திருகுகள் அவளுக்கு, கால்பக்கத்து இரண்டும் அவனுக்கு.

போதகர் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். எல்லோரும் தலை குனிந்தார்கள். ஏவர்ட் குனியவில்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்து, மூடியின் மேல் ஒரு சாண் வைத்து, இவ்வளவா என்பதுபோல் அக்காவைப் பார்த்தான்.

அவள் பெட்டி ஓரமாக நாலடி நகர்ந்து, அவன் சுண்டுவிரலை ஒட்டித் தன் இரண்டு விரலைப் பலகையில் வைத்தாள்.